கத்தியும் ஊசியும் இல்லாமல் உள்ளுறுப்பின் விறைப்பை அளப்பது எப்படி?

வயிற்றில் வலி என்று போனால் மருத்துவர் படுக்கச் சொல்லி, விரல்களைச் சேர்த்து வைத்து அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், தைராய்டைத் தொட்டுப் பார்ப்பதும் இதே வேலைதான். பக்கத்தில் இருக்கும் திசுவைவிட இந்த இடம் விறைப்பாக இருக்கிறதா என்பதைத்தான் கை தேடுகிறது. நோய் வந்த திசு பல நேரம் இறுகிப்போகும் என்பது மருத்துவத்துக்கு வெகு காலமாகத் தெரிந்த விஷயம்.

ஆனால் கைக்கு எல்லை உண்டு. கல்லீரலின் பெரும்பகுதி விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ஆழத்தில் இருக்கும் சின்னக் கட்டியும் கைக்கு எட்டாது. எட்டினாலும் 'கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்து இன்னொரு மருத்துவர் தொட்டுப் பார்த்து, அப்போதைவிட இப்போது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடவும் வழி இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் எலாஸ்டோகிராபி, அதாவது திசுவின் விறைப்பை வெளியிலிருந்தே கருவியால் அறியும் முறை. கல்லீரலின் விறைப்பை இப்படி அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் 7.8 கிலோபாஸ்கல் என்பது போல ஒரு எண் இருக்கும். பலரும் அதை ரத்தச் சர்க்கரை அளவைப் பார்ப்பது போல, எல்லைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதை எப்போது நம்பலாம், எப்போது தயங்க வேண்டும் என்பதும் கூடவே புரிந்துவிடும்.

சாதாரண ஸ்கேனில் ஏன் தெரியாது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் உள்ளே இருப்பதைக் காட்டுகிறதே, அதிலேயே விறைப்பும் தெரியாதா? தெரியாது. அதற்கான காரணம் இந்தத் துறையிலேயே மிக அழகான பகுதி என்று எனக்குப் படுகிறது.

பள்ளி இயற்பியலில் பருமக் குணகம், விறைப்புக் குணகம் என்று இரண்டு படித்திருப்போம். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும்போது அது சுருங்க எவ்வளவு மறுக்கிறது என்பதைச் சொல்வது பருமக் குணகம். பக்கவாட்டில் தள்ளி உருவத்தைச் சாய்க்கப் பார்க்கும்போது அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்வது விறைப்புக் குணகம்.

நம் மென்திசுக்களில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். அதனால் கல்லீரலோ தசையோ புற்றுநோய்க் கட்டியோ, எதை எடுத்தாலும் பருமக் குணகம் ஏறக்குறைய தண்ணீருடையதாகவே, சுமார் 2 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் என்பது அமுக்கிக்கொண்டே போகும் நெட்டலை. அதன் வேகத்தைத் தீர்மானிப்பதில் பருமக் குணகத்துக்கே பெரும் பங்கு. எனவே மென்திசுக்கள் எல்லாவற்றிலும் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. திசுவுக்குத் திசு சில சதவீதம் மாறும், அவ்வளவுதான்.

விறைப்புக் குணகம் அப்படி இல்லை. திசுவுக்குத் திசு, நோய்க்கு நோய் பல மடங்கு மாறுகிறது. கை உணர்வது இந்த இரண்டாவதை. சாதாரண ஸ்கேன் படம் சார்ந்திருப்பது முதலாவதை. கைக்கு நன்றாகத் தட்டுப்படும் ஒரு கட்டி, ஸ்கேன் படத்தில் சுற்றியுள்ள திசுவோடு கலந்து தெரியாமலே போவதற்கு இதுதான் காரணம்.

ஆக, விறைப்பை நேரடியாகப் படம் பிடிக்க முடியாது. திசுவை அசைக்க வேண்டும், அது எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும், அதை வைத்து விறைப்பைக் கணக்கிட வேண்டும். எலாஸ்டோகிராபியில் எத்தனையோ வகைகள் இருக்கின்றன. எதனால் அசைக்கிறோம், எதனால் பார்க்கிறோம் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

அழுத்திப் பார்ப்பது

1991இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜொனாதன் ஓஃபிரும் அவருடைய குழுவினரும் இந்த முறையை எலாஸ்டோகிராபி என்ற பெயரோடு வெளியிட்டார்கள். யோசனை எளிமையானது. அல்ட்ராசவுண்டில் ஒரு முறை பதிவெடு, கருவியால் தோலைக் கொஞ்சம் அழுத்து, மறுபடி பதிவெடு. இரண்டையும் ஒப்பிட்டால் எந்த இடம் எவ்வளவு நசுங்கியது என்று தெரியும். மென்மையான இடம் அதிகம் நசுங்கும், விறைப்பான இடம் அவ்வளவாக நசுங்காது. இந்த நசுங்கல் அளவை, அதாவது திரிபை, நிறங்களாக மாற்றிப் படத்தின் மேல் பூசிக் காட்டுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திரிபு தெரிகிறது, ஆனால் அந்த இடத்தில் விழுந்த தகைவு, அதாவது அழுத்தம், எவ்வளவு என்று தெரியாது. கருவியை அழுத்துபவரின் கை பலம், மேலே இருக்கும் கொழுப்பின் தடிமன் எல்லாம் அதைப் பாதிக்கும். தகைவு தெரியாமல் குணகத்தைக் கணக்கிட முடியாது. எனவே இந்த முறையில் 'அதைவிட இது விறைப்பு' என்று ஒப்பிட்டுச் சொல்லலாமே தவிர கிலோபாஸ்கலில் எண் தர முடியாது.

அப்படியும் மார்பக ஸ்கேனில் இது நன்றாகவே பயன்படுகிறது. புற்றுநோய்க் கட்டி தன்னைச் சுற்றிலும் கொலாஜன் நார்களை இழுத்து இறுக்கிவைக்கும். அதனால் பல புற்றுக்கட்டிகள் சாதாரணப் படத்தில் இருப்பதைவிட விறைப்புப் படத்தில் பெரிதாகத் தெரிகின்றன. கட்டியின் விளிம்பு என்று நாம் நினைக்கும் இடத்தைத் தாண்டியும் திசு இறுகியிருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது. மார்பகப் படங்களுக்கு ரிப்போர்ட் எழுத உலகம் முழுவதும் பலர் பின்பற்றும் பைராட்ஸ் முறையின் 2013 பதிப்பில் மென்மை, இடைநிலை, கடினம் என்ற மூன்று சொற்களும் சேர்க்கப்பட்டன. ஆனாலும் விறைப்பை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். சளி போன்ற பொருள் நிறைந்த சில வகைப் புற்றுக்கட்டிகள் மென்மையாகவே இருக்கும். சுண்ணாம்பு படிந்த சாதுவான கட்டி மிக விறைப்பாக இருக்கும்.

அலையை ஓடவிட்டு நேரம் பார்ப்பது

எண் வேண்டும் என்றால் வேறு வழி தேட வேண்டும். தளர்ந்து தொங்கும் கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை மெதுவாகப் போகும். அதே கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு உதறினால் விருட்டென்று மறுமுனைக்கு ஓடும். திசுவிலும் இப்படிக் குறுக்கலையை உண்டாக்கலாம். அலை ஒரு திசையில் போகும், திசு அதற்குச் செங்குத்தாக ஆடும். விறைப்பு கூடினால் அலையின் வேகமும் கூடும். வேகத்தை அளந்துவிட்டால் எவ்வளவு பலமாக அசைத்தோம் என்பது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எண் கிடைப்பது இதனால்தான்.

கணக்கு சின்னது. குறுக்கலையின் வேகத்தை அதனாலேயே பெருக்கி, திசுவின் அடர்த்தியாலும் பெருக்கினால் விறைப்புக் குணகம் வரும். அதை 3ஆல் பெருக்கினால், ஒரே திசையில் இழுக்கும்போதோ அமுக்கும்போதோ திசு எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் யங் குணகம் வரும். மென்திசுவின் அடர்த்தியைத் தண்ணீரைப் போலவே கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். அலை நொடிக்கு 1 மீட்டர் போனால் யங் குணகம் 3 கிலோபாஸ்கல். 2 மீட்டர் போனால் 12. 3 மீட்டர் போனால் 27. வேகம் இரண்டு மடங்கானால் விறைப்பு நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் வேகத்தை அளப்பதில் 10 சதவீதம் தவறினால் கிலோபாஸ்கலில் அது சுமார் 20 சதவீதத் தவறாகப் பெருகிவிடும்.

ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகும் அதே திசுவில் குறுக்கலை நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் போகிறது. மனிதர் நடக்கும் வேகம்தான். இந்த வேறுபாடுதான் முழுத் தொழில்நுட்பத்தையும் தாங்கி நிற்கிறது. ஓர் அலை மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, ஆயிரம் மடங்கு வேகமான இன்னோர் அலையை ஏவி அதைப் பின்தொடர முடிகிறது.

ஃபைப்ரோஸ்கேன் அறையில் நடப்பது

பிரான்ஸில் உருவான ஃபைப்ரோஸ்கேனின் வேலை இதுதான். கல்லீரல் தழும்பை, அதாவது நாள்பட்ட பாதிப்பால் கல்லீரலில் சேரும் நார்த்திசுவை, அளக்க அதைப் பயன்படுத்திய முதல் ஆய்வு 2003இல் வெளியானது.

நோயாளி மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வார். அப்படிச் செய்தால் விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள இடைவெளி கொஞ்சம் விரியும். அங்கே ஜெல் தடவி, தடித்த பேனா மாதிரியான கருவியின் முனையைத் தோலுக்குச் செங்குத்தாக வைப்பார்கள். பொத்தானை அமுக்கியதும் முனை ஒரு சின்னத் தட்டுத் தட்டும். விரலால் சுண்டுவது போல இருக்கும், வலிக்காது. அந்தத் தட்டு 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. அதிலிருந்து பிறக்கும் குறுக்கலை கல்லீரலுக்குள் இறங்கத் தொடங்கும். அதே முனையில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடித்து, எந்த ஆழத்தில் திசு எப்போது அசைந்தது என்று குறித்துக்கொண்டே வரும்.

பொதுவாகப் பயன்படும் முனையில், தோலுக்குக் கீழே 25 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரையிலான 4 சென்டிமீட்டர் ஆழத்தைத்தான் பார்க்கிறார்கள். அலை அந்த 4 சென்டிமீட்டரை 31 மில்லிநொடியில் கடந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர், விறைப்பு சுமார் 5 கிலோபாஸ்கல். ஆரோக்கியமான கல்லீரல் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். 20 மில்லிநொடியில் கடந்தால் 12 கிலோபாஸ்கல். தழும்பு நன்றாக முற்றியிருக்கலாம் என்று யோசிக்க வேண்டிய எண் அது. இரண்டுக்கும் நடுவே இருப்பது 11 மில்லிநொடி.

ஒரு தட்டோடு விட மாட்டார்கள். சரியான 10 அளவுகளை எடுத்து, வரிசைப்படுத்தி, நடு மதிப்பை ரிப்போர்ட்டில் போடுவார்கள். பக்கத்திலேயே அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் ஒரு சதவீதமாகக் காட்டுவார்கள். அது 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவீட்டை அவ்வளவாக நம்ப முடியாது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறிய சதவீதத்தையும் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். அப்புறம், டெசிபல் கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கும். அது கல்லீரலில் படிந்த கொழுப்பைப் பற்றியது, விறைப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

இதற்கு முன்பு கல்லீரல் தழும்பை நிச்சயமாக அறிய இருந்த வழி பயாப்சி. ஊசியால் எடுக்கும் அந்தத் துணுக்கு மொத்தக் கல்லீரலில் சுமார் 50,000இல் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஊசி எங்கே இறங்கியது என்பதைப் பொறுத்து முடிவு மாறலாம். வலியும், அரிதாக ரத்தக் கசிவும் உண்டு. ஃபைப்ரோஸ்கேன் பார்ப்பது ஒரு சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட உருளை போன்ற பகுதியை. பயாப்சித் துணுக்கைவிட அது 100 மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் தழும்பு ஏன் வந்தது என்று அது சொல்லாது. அந்தக் கேள்விக்குச் சில சமயம் பயாப்சிதான் பதில்.

ஒலியாலேயே தள்ளுவது

வெளியிலிருந்து தட்டும் அலை திரவத்தைத் தாண்டாது. திரவத்துக்கு விறைப்புக் குணகம் இல்லை, அதனால் அதில் குறுக்கலை ஓடாது. வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் பயன்படாமல் போவது இதனால்தான்.

இன்னொரு முறையில் அல்ட்ராசவுண்டையே கொஞ்சம் நீளமான, பலமான துடிப்பாக ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். குவிந்த ஒலி அந்த இடத்தில் இருக்கும் திசுவைச் சில மைக்ரோமீட்டர் தூரம் தள்ளும். தள்ளிவிட்டு விட்டால், அங்கிருந்து பக்கவாட்டில் குறுக்கலை கிளம்பும். அலை திசுவுக்குள்ளேயே பிறப்பதால் நடுவே நீர் இருந்தாலும் பெரும்பாலும் அளக்க முடிகிறது. சாதாரண ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே எந்த இடத்தை அளக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்னொரு வசதி.

கிளம்பிய அலையைப் பிடிப்பதுதான் கடினமாக இருந்தது. சாதாரண ஸ்கேன் கருவி நொடிக்குச் சில பத்துப் படங்கள் எடுக்கும். நொடிக்கு 2 மீட்டர் போகும் அலை 4 சென்டிமீட்டரை 20 மில்லிநொடியில் கடந்துவிடும். நொடிக்கு 50 படம் என்று வைத்தால் அது ஒரே ஒரு படத்துக்கான நேரம். 2004இல் பாரிஸில் இருந்த பெர்கோஃப், தான்ட்டேர், ஃபிங்க் ஆகியோர் நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் முறையோடு இதை இணைத்துக் காட்டினார்கள். தள்ளும் புள்ளியையும் குறுக்கலையைவிட வேகமாக ஆழத்தை நோக்கி நகர்த்தினார்கள். ஒலியை முந்தும் விமானத்தின் பின்னால் கூம்பாக அலை விரிவது போல, இங்கே திசுவுக்குள் குறுக்கலைக் கூம்பு விரிகிறது. இன்று மார்பகம், தைராய்டு, தசை, தசைநாண் என்று பல இடங்களில் இந்த முறை பயன்படுகிறது. தசையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நார் ஓடும் திசையில் அலை வேகமாகவும், குறுக்கே மெதுவாகவும் போகும். கருவியைத் திருப்பிப் பிடித்தாலே எண் மாறிவிடும்.

எம்ஆர்ஐயில்

1995இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த முத்துப்பிள்ளை, ஏமன் உள்ளிட்ட குழுவினர் எம்ஆர்ஐயில் அலைகளையே நேரடியாகப் படமாகக் காட்டினார்கள். கல்லீரலுக்கு எடுக்கும்போது விலாவின் மேல் தட்டையான வட்டமான அதிர்வுக் கருவி ஒன்றைக் கட்டுகிறார்கள். அது காற்றழுத்தத்தால் 60 ஹெர்ட்ஸில் தொடர்ந்து அதிர்ந்துகொண்டிருக்கும். அதே தாளத்தில் எம்ஆர்ஐயின் காந்தப்புலமும் மாறி மாறி இயங்குவதால், மைக்ரோமீட்டர் அளவுள்ள அசைவுகூட சமிக்ஞையில் பதிவாகிறது. நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் படம் எடுத்துவிடுகிறார்கள்.

படத்தில் அலைகள் வரிவரியாகத் தெரியும். வரிகளுக்கு இடையிலான தூரமே அலைநீளம். 60 ஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 சென்டிமீட்டர் என்றால் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். அலைநீளம் 5 சென்டிமீட்டராக நீண்டிருந்தால் வேகம் 3 மீட்டர், கல்லீரல் நன்றாக இறுகியிருக்கிறது என்று பொருள். கல்லீரலின் பெரும்பகுதியைப் பார்க்க முடிவது இந்த முறையின் பலம். உடல் பருமன் உள்ளவர்களிடமும் நன்றாக வேலை செய்கிறது. கல்லீரலில் இரும்புச் சத்து அதிகம் படிந்திருந்தால் வழக்கமான முறையில் சமிக்ஞை மங்கி அளவீடு தவறிவிடும். அல்ட்ராசவுண்ட் எளிதில் நுழைய முடியாத மூளையையும் எம்ஆர்ஐயால் அளக்கலாம். கல்லீரல் நோயில் இறுகுகிறது, மூளையோ வயதோடும் அல்சைமர் நோயிலும் மென்மையாகிறது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபைப்ரோஸ்கேன் தருவது யங் குணகம். எம்ஆர்ஐ தருவது விறைப்புக் குணகத்தை ஒட்டிய எண். இரண்டுக்கும் அலகு கிலோபாஸ்கல்தான், ஆனால் நடுவே அந்த 3 மடங்கு இருக்கிறது. ஃபைப்ரோஸ்கேனில் 4 என்றால் இயல்பான கல்லீரல். எம்ஆர்ஐயில் 4 என்றால் தழும்பு நன்றாக முற்றிய கல்லீரல். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து 'அப்படியேதான் இருக்கிறது' என்று ஆறுதல் அடைந்துவிடக் கூடாது.

எண்ணை எது மாற்றும்?

அளப்பது தழும்பை அல்ல, விறைப்பைத்தான். கல்லீரலை விறைப்பாக்கும் எதுவும் அந்த எண்ணை ஏற்றிவிடும். சாப்பிட்டதும் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் கூடுகிறது, விறைப்பும் கூடுகிறது. அதனால்தான் சுமார் 3 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். மஞ்சள் காமாலையோடு கூடிய கடும் அழற்சி, பித்தநாள அடைப்பு, இதயம் பலவீனமாகி ரத்தம் கல்லீரலில் தேங்குவது ஆகிய மூன்றிலும் தழும்பு இல்லாமலே எண் எகிறும். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தாலும் மாறும். மார்பகத்திலும் தைராய்டிலும் கருவியைச் சற்று அதிகமாக அழுத்தினாலே அந்த அழுத்தத்தால் திசு இறுகிப்போகும்.

இவற்றையெல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் அந்த எண் மிகவும் பயனுள்ளது. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் கூடுவது பற்றி ஆராயும் மருத்துவர்கள் இத்தாலியின் பவேனோவில் கூடி வகுத்த நெறிமுறைகளின்படி, ஃபைப்ரோஸ்கேன் எண் 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்து வேறு அறிகுறிகளும் இல்லை என்றால் முற்றிய நாள்பட்ட கல்லீரல் நோய் இல்லை என்று கருதலாம். 15க்கு மேல் போனால் அந்த நோய் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அந்த நோய் இருப்பவர்களிலும் விறைப்பு 20க்குக் கீழேயும் ரத்தத் தட்டணுக்கள் 1,50,000க்கு மேலேயும் இருந்தால், உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருக்கிறதா என்று பார்க்கும் எண்டோஸ்கோபியைத் தள்ளிவைக்கலாம் என்று 2015இல் சொன்னார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கும் ஒரு பரிசோதனையை ஒரு சின்னத் தட்டு மிச்சப்படுத்துகிறது என்பது நோயாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

சிகிச்சைக்குப் பிறகு வரும் எண்ணைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி வைரஸ் மருந்தால் ஒழிந்த சில மாதங்களிலேயே விறைப்பு நன்றாகக் குறைந்துவிடும். ஆரம்பத்தில் குறைவதில் பெரும்பகுதி அழற்சி தணிந்ததால் வருவது. தழும்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. சிகிச்சைக்கு முன்பே சிர்ரோசிஸ், அதாவது தழும்பு முற்றிய நிலை, வந்துவிட்ட ஒருவருக்கு எண் இப்போது நன்றாக இறங்கியிருந்தாலும், கல்லீரல் புற்றுநோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ஸ்கேனை நிறுத்தக் கூடாது.